‘ஐசோ’ என்றால் சமம்: எதில் சமம்?

மாணவ நண்பர்களே, உங்கள் புத்தகப் பையிலிருந்து மூன்று பாட நூல்களை எடுத்து மேசைமீது வையுங்கள். கணித நூலில் ‘ஐசாசிலிஸ்’ முக்கோணம் வரும். புவியியல் நூலில் ‘ஐசோபார்’, ‘ஐசோதெர்ம்’ என்னும் கோடுகள் வரும். வேதியியல் நூலிலோ ‘ஐசோடோப்பு’, ‘ஐசோமர்’ என்னும் பெயர்கள் காத்திருக்கும். தமிழில் பயின்றாலும் ஆங்கிலத்தில் பயின்றாலும் இச்சொற்களிலிருந்து நாம் தப்ப முடியாது. தேர்வுக்கு முந்திய இரவில் இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதும், மறுநாள் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி எழுதிவிட்டு வருந்துவதும் பலருக்கும் பழக்கமானவைதாம்.

இத்தனை சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குகின்றனவே, அது ஏன் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? ‘இசோஸ்’ என்பது ஒரு பழைய கிரேக்கச் சொல். ‘சமமான’ என்பது அதன் பொருள். அது ஆங்கிலத்தில் ‘ஐசோ’ என்னும் முன்னொட்டாக நின்று, பின்னால் வரும் சொல்லோடு சேர்ந்து புதுச்சொற்களைப் பிறப்பிக்கிறது. தமிழில் சமவெளி, சமபங்கு என்னும் சொற்களில் ‘சம’ நிற்பது போலத்தான் இதுவும்.

இவ்வளவு எளிதா என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். ‘சமம்’ என்று மட்டும் சொன்னால் செய்தி முழுமை பெறுவதில்லை. “இராமுவும் சோமுவும் சமம்” என்று ஒருவர் சொன்னால் நீங்கள் உடனே என்ன கேட்பீர்கள்? “எதில் சமம்? உயரத்திலா, வயதிலா, மதிப்பெண்ணிலா?” என்று கேட்பீர்கள் அல்லவா? அந்தக் கேள்வியையே ‘ஐசோ’ வரும் ஒவ்வொரு சொல்லிடமும் கேளுங்கள். விடை அச்சொல்லின் பின்பாதியில் இருக்கும். அடுத்து, “அப்படியானால் எது சமமல்ல?” என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள். அங்கேதான் அறிவியல் ஒளிந்திருக்கிறது. இந்த இரு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நம் பாட நூல்களுக்குள் ஒரு சுற்று வருவோம்.

ஒத்த கால்கள்

முதலில் கணிதம். கிரேக்க மொழியில் ‘ஸ்கெலோஸ்’ என்றால் கால். இசோஸ், ஸ்கெலோஸ் இரண்டும் சேர்ந்து ‘ஐசாசிலிஸ்’ ஆயிற்று. கால்களை அகட்டி நிற்கும் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கால்களும் ஒரே நீளம்; தரையில் அவற்றிற்கு இடையே உள்ள தொலைவு வேறு. இதுவே இருசமபக்க முக்கோணம். எதில் சமம்? இரு பக்கங்களில். எது சமமாக இருக்க வேண்டியதில்லை? மூன்றாவது பக்கம். இந்தச் சிறு செய்தியிலிருந்து அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என்னும் தேற்றம் பிறக்கிறது. சுமார் கி.மு. 300இல் யூக்ளிட் எழுதிய நூலின் முதற்பகுதியில் இது ஐந்தாவது தேற்றமாக நிற்கிறது.

வரைபடத்தில் ஓடும் கோடுகள்

இனிப் புவியியல். ‘தெர்மே’ என்றால் வெப்பம். ஆகவே ‘ஐசோதெர்ம்’ சமவெப்பக் கோடு. வரைபடத்தில் ஒரே சராசரி வெப்பநிலை உள்ள இடங்களை இணைத்து இக்கோட்டை வரைகிறோம். 1817இல் இப்படி ஒரு படத்தை வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். ஒரே அட்சரேகையில் உள்ள ஊர்களில் வெப்பமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர் வரைந்த கோடுகள் அட்சரேகைகளோடு ஒட்டி ஓடவில்லை. வளைந்து நெளிந்து ஓடின. ஏன் வளைகின்றன என்னும் கேள்வியிலிருந்து கடல் நீரோட்டம், காற்று, நிலத்தின் உயரம் ஆகியவற்றின் விளைவுகள் ஆராயப்பட்டன. நம் ஊர்களிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில்தான் உள்ளன. பெங்களூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெப்பம் குறைவு.

‘பாரோஸ்’ என்றால் எடை, பாரம். காற்றின் பாரமே காற்றழுத்தம் அல்லவா? எனவே ‘ஐசோபார்’ சம அழுத்தக் கோடு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும். அதை அப்படியே படத்தில் குறித்தால் கொடைக்கானலில் நாள்தோறும் புயல் என்று கொள்ள வேண்டி வரும்! ஆகவே எல்லா ஊர்களின் அளவுகளையும், அவை கடல் மட்டத்தில் இருந்தால் என்னவாக இருக்கும் என்று கணக்கிட்டு மாற்றிய பின்னரே கோடுகளை வரைகிறார்கள். ‘எதில் சமம்’ என்பதை இவ்வளவு கவனமாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வங்கக் கடலில் புயல் உருவாகும்போது அதைச் சுற்றி இக்கோடுகள் வளையம் வளையமாக அமையும். வளையங்கள் நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் மிகும். குறைந்த தொலைவுக்குள் அழுத்தம் மிகுதியாக மாறுகிறது என்பதே அந்நெருக்கத்தின் பொருள். ஒரு கோட்டின் மேல் உள்ள ஊர்களில் அழுத்தம் ஒன்றே. ஆனால் காற்றுக்கு வேகம் தருவது ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் உள்ள வேற்றுமை.

இரு இளைஞர்களின் பிணக்கு

வேதியியலுக்கு வருவோம். 1820களில் ஐரோப்பாவில் இருபது வயதைச் சற்றே கடந்த இரு இளைஞர்கள் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஒருவர் ஃபிரெடரிக் வோலர். அவர் வெள்ளி சயனேட் என்னும் பொருளைப் பகுத்துப் பார்த்தார். மற்றவர் யூஸ்டஸ் லீபிக். அவர் வெள்ளி ஃபல்மினேட்டைப் பகுத்துப் பார்த்தார். இந்த ஃபல்மினேட் பொல்லாதது. லேசாக உரசினாலே வெடித்துவிடும். சயனேட்டோ அப்படி வெடிப்பதில்லை.

இருவருடைய முடிவுகளையும் ஒப்பிட்டபோது வியப்பு ஏற்பட்டது. இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய அதே நான்கு தனிமங்கள், அதே விகிதத்தில்! பண்பில் இவ்வளவு வேறுபடும் இரு பொருள்களுக்கு ஒரே இயைபு எப்படி இருக்க முடியும்? வோலரின் பகுப்பாய்வில் பிழை இருக்க வேண்டும் என்று லீபிக் ஐயுற்றார். மீண்டும் சோதித்துப் பார்த்தபோது இருவர் சொன்னதும் சரியே என்று தெரிந்தது. பிழை அவர்களிடம் இல்லை. ஒரே இயைபு என்றால் ஒரே பொருள்தான் என்று எல்லாரும் நம்பியிருந்ததில்தான் பிழை இருந்தது. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அவை அடுக்கப்பட்ட முறை வேறாக இருக்கலாம் என்னும் பேருண்மை இவ்வாறு வெளிப்பட்டது. பிணக்கில் தொடங்கிய அவ்விருவரும் பின்னர் வாழ்நாள் முழுவதும் நண்பர்களாக விளங்கினர்.

1830இல் சுவீடன் நாட்டு வேதியியலார் பெர்சீலியஸ் இத்தகைய பொருள்களுக்குப் பெயரிட்டார். ‘மெரோஸ்’ என்றால் பகுதி. சமமான பகுதிகளால் ஆனவை ‘ஐசோமர்’. எதில் சமம்? பகுதிகளில். எதில் வேறு? அமைப்பில். சாராயத்தில் உள்ள எத்தில் ஆல்கஹாலும் டைமெத்தில் ஈதரும் ஐசோமர்களே. இரண்டிலும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். முன்னது 78 டிகிரி செல்சியசில் கொதிக்கும் நீர்மம். பின்னது சாதாரண வெப்பநிலையில் வாயு.

தமிழில் இதற்கு இரு கலைச்சொற்கள் வழங்குவதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ‘மாற்றியம்’ என்கிறோம். இலங்கைத் தமிழ் மாணவர்கள் ‘சமபகுதியம்’ என்று படிக்கிறார்கள். ஒரு சொல் வேற்றுமையைச் சுட்டுகிறது. மற்றது ஒற்றுமையைச் சுட்டுகிறது. இரண்டையும் சேர்த்து நினைத்தால் பொருள் முழுதும் விளங்கிவிடும்!

ஓர் இடம், பல பேர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரியக்கத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. யுரேனியத்திற்கும் ஈயத்திற்கும் இடையே சுமார் 40 புதிய ‘தனிமங்கள்’ அகப்பட்டுவிட்டன. ஆனால் தனிம வரிசை அட்டவணையில் அவ்விடத்தில் இருந்தவை சுமார் பன்னிரண்டு கட்டங்களே. அத்தனை பேரை எங்கே அமர்த்துவது? மேலும், அயோனியம் என்று பெயரிட்ட ஒன்றைத் தோரியத்துடன் கலந்துவிட்டால் எந்த வேதியியல் முறையாலும் பிரிக்க முடியவில்லை.

கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய ஃபிரெடரிக் சாடி துணிந்து ஒரு விடை கூறினார். வேதியியல் பண்புகள் ஒன்றாகவும் அணு எடை வேறாகவும் இருப்பவை பல இருக்கலாம். அவையெல்லாம் ஒரே கட்டத்தில் அமரட்டும் என்றார். இவற்றிற்கு என்ன பெயரிடுவது? விருந்து ஒன்றில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர் ‘ஐசோடோப்’ என்னும் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவர் நாவல்களும் எழுதியவர். ‘டோப்போஸ்’ என்றால் இடம். ஆக, சம இடத்தில் இருப்பவை. 1913இல் சாடி அச்சொல்லை அச்சேற்றினார். 1921ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ‘ஓரிடத்தான்’ என்று தமிழிலும், ‘சமதானி’ என்று இலங்கைத் தமிழிலும் வழங்கும் சொற்கள் டாட் தந்த பொருளை அப்படியே உரைக்கின்றன.

எதில் சமம்? அட்டவணையின் இடத்தில், அதாவது புரோட்டான் எண்ணிக்கையில். எதில் வேறு? நியூட்ரான் எண்ணிக்கையில். இந்த ஒற்றுமையே சில வேளைகளில் ஆபத்தாகவும் மாறும். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் தேவை. சாதாரண அயோடின் 127ஐயும் கதிரியக்கமுள்ள அயோடின் 131ஐயும் அதனால் பிரித்தறிய இயலாது. வேதியியலில் இரண்டும் ஒன்றே அல்லவா? 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியேறிய அயோடின் 131 பாலின் வழியாகக் குழந்தைகளின் உடலில் சேர்ந்தது. பின்னாளில் அவர்களில் பலருக்குத் தைராய்டுப் புற்றுநோய் வந்தது. அதே அயோடின் 131ஐ அளவறிந்து கொடுத்துத் தைராய்டு நோய்களுக்கு மருத்துவர்கள் சிகிச்சையும் செய்கிறார்கள்.

‘ஐசோபார்’ என்னும் சொல் அணு இயலிலும் வரும். அங்கே அதன் பொருள் சம நிறை எண். ஆர்கான் 40, பொட்டாசியம் 40, கால்சியம் 40 மூன்றும் ஐசோபார்கள். ‘பாரம்’ வானிலையில் காற்றினுடையது, இங்கே அணுவினுடையது. எதில் சமம் என்று கேட்கத் தெரிந்தவருக்கு இதில் குழப்பம் இல்லை.

உயிர் காக்கும் சமம்

இப்போது ஒரு மருத்துவமனைக்குள் நுழைவோம். கட்டிலின் அருகே கம்பியில் தொங்கும் பாட்டிலிலிருந்து நோயாளியின் கைக்கு ‘டிரிப்’ இறங்குகிறது. அதில் உள்ளது பெரும்பாலும் உப்புக் கரைசல். 1 லிட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு. உடலுக்கு நீர் தானே தேவை, தூய காய்ச்சி வடித்த நீரையே ஏற்றினால் என்ன?

ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இரத்தச் சிவப்பணுவின் மேலுறை ஒரு மெல்லிய சவ்வு. வெளியே தூய நீர் இருந்தால் நீர் அணுவுக்குள் புகும். அணு உப்பி வெடித்துவிடும். வெளியே உப்பு மிகுந்த கரைசல் இருந்தாலோ உள்ளிருக்கும் நீர் வெளியேறி அணு சுருங்கிவிடும். இரண்டும் இல்லாமல், அணு தன் வடிவிலேயே இருக்க வேண்டுமானால் உள்ளும் புறமும் சவ்வூடு பரவல் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். ‘டோனோஸ்’ என்றால் இழுவிசை. ஆகவே அத்தகைய கரைசல் ‘ஐசோடானிக்’. 1880களில் ஹாலந்து நாட்டுத் தாவரவியலார் ஹியூகோ டி விரீஸ், தாவரச் செல்களை ஆராய்ந்தபோது இச்சொல்லைக் கையாண்டார். எதில் சமம்? பரவல் அழுத்தத்தில். கரைந்துள்ள பொருள்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் புரதமும் சர்க்கரையும் பல உப்புகளும் உண்டு. பாட்டிலில் ஒரே ஓர் உப்புதான்.

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்தின் பன்காவ்ன் முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளந்து நீரில் கரைத்து நோயாளிகளைக் குடிக்கச் செய்தார். 100 பேரில் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 4 பேருக்கும் கீழே குறைந்தது. குளுக்கோசும் உப்பும் சேர்ந்து குடலுக்குள் உறிஞ்சப்படும்போது நீரும் உடன் செல்கிறது என்பதே இதன் அடிப்படை.

இங்கே அளவுதான் உயிர்நாடி. சர்க்கரை மிகுந்தால் கரைசலின் பரவல் அழுத்தம் இரத்தத்தினுடையதைவிட மிகுந்து, உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். பேதி இன்னும் மோசமாகும். 2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்த கரைசலே மேலும் நல்லது என்று கண்டு அளவுகளைத் திருத்தியது. ஆகவே வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு வந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வாங்கினால், அதன்மேல் எழுதியுள்ள அளவு நீரை அளந்து ஊற்றியே கரையுங்கள். ‘இன்னும் சக்தி தரட்டும்’ என்று கெட்டியாகக் கரைத்துவிடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

நான்கு டம்ளர்களில் 200 மில்லி லிட்டர் வீதம் நீர் எடுங்கள். முதல் டம்ளரில் உப்பு வேண்டாம். மற்றவற்றில் முறையே 1, 2, 4 கிராம் உப்பைப் பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் போட்டுக் கரையுங்கள். உருளைக்கிழங்கைச் சரியாக 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒத்த துண்டுகளாக நறுக்கி, டம்ளருக்கு இரண்டாக இடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். சில துண்டுகள் விறைத்துச் சற்றே நீண்டிருக்கும். சில துவண்டு குறுகியிருக்கும். அளவுகளை வரைபடத் தாளில் குறித்து, நீளம் மாறாமலிருக்க எவ்வளவு உப்பு வேண்டும் என்று காணுங்கள். அதுவே உருளைக்கிழங்குக்கு ஐசோடானிக் கரைசல்!

ஏமாற்றும் சொற்கள்

‘ஐசோ’ என்று ஒலிப்பன எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். தனிமைப்படுத்துதலைக் குறிக்கும் ‘ஐசொலேஷன்’ கிரேக்கச் சொல்லன்று. தீவு என்று பொருள்படும் ‘இன்சுலா’ என்னும் இலத்தீன் சொல் இத்தாலிய மொழியில் ‘இசோலா’ ஆகி, அதிலிருந்து வந்தது. தீவைப் போல் தனித்து நிற்பதே அதன் கருத்து. அங்கே ‘எதில் சமம்?’ என்று கேட்டால் விடை கிடைக்காது.

‘ஐசோடோன்’ என்பது மற்றொரு வேடிக்கை. சமமான நியூட்ரான்களை உடைய அணுக்கள் இவை. கார்பன் 14க்கும் ஆக்சிஜன் 16க்கும் 8 நியூட்ரான்கள். 1934இல் குகன்ஹைமர் என்னும் ஜெர்மானிய இயற்பியலார், ‘ஐசோடோப்’ என்னும் சொல்லில் புரோட்டானைக் குறிப்பது போல் நின்ற ‘பி’ என்னும் எழுத்தை எடுத்துவிட்டு, நியூட்ரானுக்குரிய ‘என்’ எழுத்தைப் போட்டுப் படைத்த சொல் இது! கிரேக்க அகராதியில் தேடிப் பயனில்லை.

உங்களுக்குச் சில கேள்விகள்

இதோ சில கிரேக்கச் சொற்கள்: ‘பாத்தோஸ்’ ஆழம், ‘ஹையட்டோஸ்’ மழை, ‘ஹல்ஸ்’ உப்பு, ‘சைஸ்மோஸ்’ நில அதிர்வு, ‘மெட்ரான்’ அளவு, ‘ஓப்ஸ்’ கண், ‘அன்’ இல்லை. இவற்றைக் கொண்டு கீழ்க்காணும் சொற்களின் பொருளைக் கூறுங்கள் பார்க்கலாம். விடைகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. ஐசோபாத் 2. ஐசோஹையட் 3. ஐசோஹாலைன் 4. ஐசோசைஸ்மல் 5. அனிசோமெட்ரோப்பியா

விடைகள்: 1. கடலில் ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு. 2. சம மழைக் கோடு. 3. கடல்நீரின் உவர்ப்பு சமமாக உள்ள இடங்களை இணைக்கும் கோடு. 4. நிலநடுக்கத்தின் கடுமை சமமாக உணரப்பட்ட இடங்களை இணைக்கும் கோடு. 5. இரு கண்களின் ஒளிவிலகு திறன் சமமாக இல்லாத நிலை. கண்ணாடி அணியும் உங்கள் நண்பர் ஒருவருக்குக்கூட இது இருக்கலாம்.

ஐந்தாவதைச் சரியாகச் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால், இதற்கு முன் கேட்டிராத ஒரு மருத்துவச் சொல்லை அகராதி பார்க்காமலே படித்துவிட்டீர்கள். இனித் தேர்வில் ‘ஐசோ’ கண்டு அஞ்ச வேண்டாம். எதில் சமம், எது சமமல்ல என்று இரண்டே கேள்விகளை அதனிடம் கேளுங்கள். விடையை அச்சொல்லே உங்களுக்குச் சொல்லிவிடும்.